சிட்டு வளர்கிறாள்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சளி பிடித்திருந்தது, போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னையே கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாய். அதனால் அதை மாமாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் கேட்க வேறொன்று இருக்கிறது. கடைசியில் கேட்கிறேன்.

மாமாவின் கடிதம் போன வாரம் வந்தது. சிட்டு போய் ஏழு மாதம் ஆகியும் நீ வாசற்படி தாண்டவில்லை என்று எழுதியிருந்தார். தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறதாம். மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாயாம். மூன்று நாள் காய்ச்சல், ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் என்று யார் நினைத்தோம். காய்ச்சல் என்றதும் வந்து, நான்கு நாள் உன் பக்கத்தில் இருந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், பாத்திரம் கழுவினேன், ஊர் திரும்பிவிட்டேன். நினைத்தால் இன்னும் கூசுகிறது.

இதில் வேடிக்கை, இப்போது வார்த்தைதான் எனக்கு வேலை. நான் லத்தீன் படிக்கப் போகிறேன் என்றபோது மாமா, "அதைப் பேசறவங்க எந்த ஊர்ல இருக்காங்க?" என்று கேட்டார். இப்போது யாரும் பேசுவதில்லை என்றேன். "அப்ப உனக்குத் தோதான பாஷைதான். வாயைத் திறக்கிற வேலையே இல்ல" என்றார். நீ சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த சிட்டு எழுந்துவிட்டாள்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். கீழே மருந்துக்கடை, நடுவில் ஒரு வக்கீல், மேலே நாங்கள் ஐந்து பேர். லத்தீன் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி செய்கிறோம். மருத்துவமும் சட்டமும் செடிகொடியும் படிக்கிற பிள்ளைகளுக்காக. சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு அட்டைகள், ஓர் அட்டைக்கு ஒரு வாக்கியம். எங்கள் தலைவியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அச்சுத் தாளைத் திருத்துகிறவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புள்ளி இருக்கிறதா என்பதைத் தவிர அவர் வேறு எதையும் பார்ப்பதில்லை.

ஒரு வருஷம் அட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த மாதம்தான் எனக்கென்று ஒரு வினைச்சொல் கொடுத்திருக்கிறார்கள். கிரேஸ்கோ. வளர்வதைக் குறிக்கும் சொல். லத்தீன் அகராதிகளில் வினைச்சொல்லை 'நான்' என்கிற வடிவத்தில்தான் போடுவார்கள். அதனால் இழுப்பறையைத் திறந்ததும் முதல் அட்டையில் 'நான் வளர்கிறேன்' என்று இருக்கும். உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு சொல்கிற மாதிரி. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சொல்லுக்கு இரண்டு பெரும் பிரிவுகள். முன்பு இல்லாதது தோன்றி வருவது ஒன்று. முன்பே இருப்பது உயர்வது, பெருகுவது, கூடுவது இன்னொன்று. டீச்சர் என்னை இரண்டாவதிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார். முதலாவது கடினமாம், கவிதைகளில்தான் அதிகம் வருமாம், பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

இப்போது நான் கேட்க வந்தது. எங்கள் அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு தமிழ் வாக்கியம் வேண்டும். அதை நாங்களே மேசையில் உட்கார்ந்து இட்டுக்கட்டக் கூடாது. யாராவது ஒருவர் நிஜமாகச் சொன்னதாக இருக்க வேண்டும். மற்றவர்கள் கடைத்தெருவிலும் பேருந்திலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பிடித்து வருகிறார்கள். எனக்கு அது வரவில்லை. பக்கத்தில் போய் நின்றாலே அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். நேற்று டீச்சர் என் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் செத்த வாக்கியம்மா. இப்ப நடக்கிறதைச் சொல்லு. உசிரோட இருக்கிறதைக் கொண்டு வா" என்றார்.

அக்கா, உன் அளவுக்குப் பேச்சு யாருக்கு வரும்? அம்மா போனபோது எனக்கு இரண்டு வயது, உனக்குப் பத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றாய். ஆனால் நான் பட்டம் வாங்கியும் உன் ஒரு பேச்சுக்கு இன்னும் பதில் பேசத் தெரியவில்லை. எனக்கு ஐந்து வாக்கியம் எழுதி அனுப்பு. வளர்வதைப் பற்றி. மாமாவைச் சொல்லச் சொல்லி எழுதாதே, உன் கையால் எழுது. சிட்டுவைப் பற்றி இருந்தாலும் பரவாயில்லை. அவள் இருந்தபோது நீ எப்படிச் சொல்வாயோ அப்படியே எழுது.

சாப்பிடு அக்கா. மாமாவுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தங்கை

*

வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! உறையை உடனே பிரிக்க மனம் வரவில்லை. படியேறி, கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து பிரித்தேன். நீ சரியாகச் சாப்பிடுகிறாய் என்றும், எழுதுவதற்காக ஜன்னல் பக்கம் மேசையை நகர்த்திக்கொண்டாய் என்றும் மாமா ஒரு ஓரத்தில் கிறுக்கியிருந்தார். "நீ கேட்டது நல்லதாப் போச்சு" என்று அடிக்கோடு போட்டிருந்தார். அந்த அடிக்கோட்டை நாலைந்து தடவை பார்த்தேன்.

ஐந்து கேட்டேன், ஒன்பது அனுப்பியிருக்கிறாய். டீச்சர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். "போன மாசம் தைச்ச கவுன் இந்த மாசம் முழங்காலுக்கு மேல ஏறிடுச்சு." "முடி காதைத் தாண்டி வளர்ந்துருச்சு, எண்ணெய் வச்சாத்தான் அடங்குது." "மேல் தாழ்ப்பா இப்ப அவளுக்கு எட்டுது." "சிட்டு நான் பாக்காத நேரத்துலதான் வளர்றா." இதைப் படித்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த அம்மாவை இங்க வேலைக்குக் கூட்டிட்டு வந்துட்டு உன்னை ஊருக்கு அனுப்பிடலாமா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. முற்றுப்புள்ளி மட்டும், நீ ஒரு வாக்கியத்துக்கும் புள்ளி வைக்கவில்லை, ஒன்றும் முடியாமலே நிற்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வாக்கியங்கள் அச்சுத் தாளுக்குப் போய்விட்டன. ஒரு பிரதி இத்துடன் அனுப்புகிறேன். வலது பக்கம், நடுவில். உன் வார்த்தைகள் அச்சில் எப்படி இருக்கின்றன, பார்.

உன் கடிதத்தோடு ஒரு வெள்ளை நூலும் இருந்தது, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு. சிட்டுவின் உயரம் என்று எழுதியிருந்தாய். பிடித்துப் பார்த்தேன், என் இடுப்பெலும்புக்குச் சரியாக வந்தது. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகாதே என்று அவள் நின்றது அப்படியே தெரிந்தது. ஜன்னல் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். நீ பழைய நூலைப் பத்திரமாக வைத்திருந்து எனக்குக் கொடுத்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

டீச்சர் இன்னும் கேட்கிறார். அந்தச் சொல் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. ஆற்றில் தண்ணீர் ஏறுவதற்கும், நிலா நாளுக்கு நாள் பெரிதாவதற்கும், பகல் நீளுவதற்கும், ஒருவருக்குத் துணிச்சல் கூடுவதற்கும் அதுவேதான். முடிந்தால் இவற்றுக்கும் எழுது. அவசரம் இல்லை. உனக்கு மனம் இருக்கும்போது.

என் அறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். தையல்காரம்மா வீட்டு மாடி. மரப்படி, பதினொன்று. ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு சத்தம். கீழே அவர் மிஷினை விட்டுத் தலை நிமிராமலேயே யார் ஏறுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். "உன் நடை பூனை நடை, நாலாம் படி மட்டும்தான் உன்னைக் காட்டிக்கொடுக்குது" என்பார். கட்டில் ஒன்று, மேசை ஒன்று, ஒரு நாற்காலி. எனக்கு அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை

*

புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. மாமா பக்கத்தில் இருக்கும்போது படி.

இந்த நான்கு மாதத்தில் நீ அனுப்பிய கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதலில் கேட்டவற்றுக்கு எழுதினாய். "கால்வாயில தண்ணி ஏறுது, அவளை அந்தப் பக்கம் விடறதில்ல." "நிலா பெருசாகப் பெருசாக அவளுக்கு ஆட்டம் கூடிப்போகுது." "இப்பல்லாம் இருட்டு ரூமுக்குத் தனியாவே போய்ட்டு வர்றா." டீச்சர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். வாக்கியங்கள் நிற்கவில்லை. வாரத்துக்கு ஓர் உறை, பிறகு இரண்டு.

போன திங்கட்கிழமை வந்த தாளில் ஒரே ஒரு வரி. "காலையில எழுந்து பார்த்தா அவ இருக்கா."

அக்கா, அது முதல் பிரிவுக்கு உரியது. முன்பு இல்லாதது தோன்றி, கண்ணுக்குத் தெரிய வருவது. அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று மட்டும்தான் முன்பு உனக்கு எழுதியிருந்தேன். அதற்கு வாக்கியம் கேட்கவில்லை. டீச்சர் எனக்கே அதை இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு வரி எனக்குக் கிடைத்திருக்காது. அந்த வரியை ஓர் அட்டையில் எழுதி, எந்த இழுப்பறையில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். இல்லாதவற்றுக்கா, இருப்பவற்றுக்கா?

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நூல் பழையது என்று நினைத்தேன். இரண்டாவது நூல் அதைவிட இரண்டு விரற்கடை நீளம். மூன்றாவது இன்னும் நீளம், என் விலாவுக்கு வருகிறது. மூன்றையும் ஒரே ஆணியில் மாட்டினால் படி இறங்குவது மாதிரி இருக்கிறது. கண்மதிப்பாக வெட்டியிருப்பாய் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் மூன்றாவது நூலின் முடிச்சில் ஒரு முடி சிக்கியிருந்தது. மெல்லிய, கறுத்த முடி, எண்ணெய் மினுமினுப்போடு. பிரித்து நீட்டினால் என் முழங்கை நீளம். உன் தலைமுடி இந்த ஒரு வருஷத்தில் முழுக்க நரைத்துவிட்டது என்று மாமா எழுதியிருக்கிறார். சிட்டுவுக்குக் காய்ச்சலின்போது தலையை ஒட்ட வெட்டினார்களே, நான்தானே பிடித்துக்கொண்டேன்.

மாமாவுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். அவர் பதிலும் என்னைப் பயமுறுத்துகிறது. "நீ சொல்றது எல்லாம் எனக்கும் புரியுது. ஆனா இப்பல்லாம் நான் ரெண்டு தட்டு வைக்கிற இடத்துல மூணு வைக்கிறேன். வைக்காட்டி அவ சாப்பிட மாட்டேங்கிறா. வச்சா சாப்பிடறா. என்னைத் திட்டாதம்மா" என்று எழுதியிருக்கிறார். கீழே, அடித்துவிட்டு, மறுபடியும் எழுதியிருக்கிறார்: "மூணாவது தட்டைக் கழுவும்போது நான் உத்துப் பார்க்கிறதில்ல."

இதில் என் தப்புதான் பெரிது. போன வாரம் டீச்சர் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே, "உங்க அக்கா பொண்ணு நல்லா வளர்றா. என்ன வயசு?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அவள் இல்லை என்று இரண்டு வார்த்தை. முற்றுப்புள்ளியும் தலை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஆறு நடக்குது" என்றேன். சொன்ன பிறகு விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். இருந்திருந்தால் சரியாக அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த அறையில் உட்கார முடியவில்லை, படியில் போய் நின்றேன்.

அன்றே அந்த வாக்கியங்களைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் வழக்கப்படி அச்சுத் தாளுக்குப் போன ஒரு வாக்கியத்தை அதைக் கொண்டு வந்தவரே எடுக்க வேண்டும். அட்டையில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று காரணங்கள்தான் செல்லும். பொருள் பொருந்தவில்லை. மொழி சரியில்லை. பொய். முதல் இரண்டையும் என்னால் எழுத முடியாது, உன் மொழியைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? மீதி இருப்பது ஒரு சொல். பேனாவைத் திறந்துகொண்டு உன் அட்டை முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 'சிட்டு நான் பாக்காத நேரத்துலதான் வளர்றா' என்பதன் மேல் அந்தச் சொல்லை என் கை எழுதவில்லை. மை உலர்ந்து போயிற்று.

அங்கே எழுதாததை இங்கே எழுதுகிறேன். சிட்டு இல்லை அக்கா. நாம் இரண்டு பேரும்தான் அவளுக்குக் கடைசியாகக் கவுன் மாட்டினோம். அச்சில் இருப்பது நான் கேட்டு நீ எழுதியது, அவ்வளவுதான். இனி வாக்கியம் வேண்டாம். நூல் வேண்டாம். உனக்குப் பேச வேண்டும் என்றால் என்னிடம் பேசு, நான் விடுப்புப் போட்டுவிட்டு வருகிறேன். ஒரு வரி எழுது, வா என்று. அன்றைக்கே கிளம்புகிறேன்.

என்னை மன்னித்துவிடு.

உன் தங்கை

*

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நீ ஒன்றும் வாதாடவில்லை. "உன் புத்தகத்துலயே போட்டிருக்கே" என்று ஒரு வரி. அடுத்த வரியில், அவளுக்குப் பள்ளிக்கூட வயது வந்துவிட்டது, இங்கே இருந்தால் என்னைப் போல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவாள், நீ படித்தவள், உன்னிடம் இருக்கட்டும், வியாழக்கிழமை காலைப் பேருந்தில் அனுப்பி வைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் பதில் எழுத நாள் இல்லை.

பத்து நாளைக்கு முன்பு, அந்த வியாழக்கிழமை, அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். யாரும் இறங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இறங்கவில்லை என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டு, உனக்கு ஒரே வரியில் எழுதிவிட வேண்டும் என்றுதான் போனேன். தபால் உறைகூடக் கைப்பையில் இருந்தது.

பேருந்து நல்ல வெயிலில் வந்து நின்றது. உள்ளே நிற்கவும் இடமில்லை, ஜனம் பிதுங்கியது. எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை நின்றேன். கண்டக்டர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து, அகராதி ஆபீஸ் அம்மாவா என்று கேட்டார். உன் பெரிய எழுத்தில் என் முகவரி. "அந்தம்மா அரை டிக்கெட் ஒண்ணு வாங்கி, ஜன்னல் ஓரம் பையை வச்சிட்டு, பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஆளே இல்லையேன்னு நான் கேக்கிறதுக்குள்ள வண்டி எடுத்தாச்சு" என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனா பாருங்க, இவ்வளவு கூட்டத்துல அந்த சீட்ல யாரும் உக்காரல. பையை எடுத்து மடில வச்சுக்கிட்டா உக்காந்திருக்கலாம். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கால் கடுக்க நின்னுக்கிட்டே வந்தா. அவகூட, 'இருக்கட்டும், பிள்ளை தூங்குது'ன்னா. அவ பிள்ளையைச் சொன்னாளோ என்னமோ" என்றார்.

பையில் கவுன் மூன்று, சிலேட்டு ஒன்று, ஒரு ஜோடி செருப்பு. செருப்பு புதிது, ஆனால் அடிப்பக்கத்தில் மண் இருந்தது.

அங்கிருந்து என் அறைக்குப் பத்து நிமிட நடை. அன்று அரை மணி நேரம் ஆயிற்று. பாதி வழியில்தான் கவனித்தேன், நான் வண்டிகள் போகும் பக்கமாக நடந்துகொண்டு, சுவர் ஓரத்தை விட்டுவிட்டு வருகிறேன். உன்னோடு நடக்கும்போது நீ என்னை எந்தப் பக்கம் விடுவாயோ அந்தப் பக்கம் காலியாக இருந்தது. சந்தி தாண்டும்போது கையை நீட்டியிருந்தேன். யாராவது பார்த்தார்களா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் மடக்கவில்லை.

மாடிப்படி ஏறும்போது தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார். அவர் மிஷினை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. "யாரு, விருந்தாளியா? ஒண்ணு விடாம எல்லாப் படியும் பேசுதே" என்றார். என் அக்கா மகள் என்றேன். அது தானாக வந்தது அக்கா. டீச்சர் கேட்டபோது ஒட்டிக்கொண்ட நாக்கு இப்போது ஒட்டிக்கொள்ளவில்லை.

அன்று மாலையே உனக்கு எழுதினேன். 'யாரும் வந்து இறங்கவில்லை' என்று. ஒட்டி, முகவரி எழுதி, சனிக்கிழமை காலைதான் தபால்பெட்டிக்குக் கொண்டு போனேன். வாசலில் தபால்காரர் மாமாவின் கடிதத்தைக் கொடுத்தார். நின்றபடியே படித்தேன்.

பேருந்து போன பிறகு நீ வீட்டுக்கு வந்து, கூடத்திலேயே படுத்து, பகல் முழுக்கத் தூங்கினாயாம். மாமா இரண்டு தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம். சாயங்காலம் எழுந்து, பசிக்கிறது என்றாயாம். அவர் மூன்று தட்டு எடுத்து வைக்க, "எதுக்கு மூணு? அவதான் தங்கச்சிகிட்ட போயிட்டாளே" என்று ஒன்றை நீயே எடுத்து அலமாரியில் கவிழ்த்தாயாம். சாப்பிட்டுவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தாயாம். தெருவில் ஒருத்தியிடம் நின்று பேசினாயாம். மாமா, "என் பொண்டாட்டி எனக்குத் திரும்பக் கிடைச்சிட்டா" என்று எழுதியிருக்கிறார். எழுத்து எங்கும் மை கலைந்திருக்கிறது.

நான் எழுதிய கடிதத்தை அங்கேயே கிழித்துவிட்டேன்.

ஆகவே கேள். சிட்டு வந்து சேர்ந்துவிட்டாள். இங்கே இருக்கிறாள்.

நான் அவளைப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நாற்காலி ஜன்னல் பக்கம் போயிருக்கிறது, தெரு தெரிகிற மாதிரி. அலுவலகம் போகும்போது சிலேட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போகிறேன், வரும்போது அது துடைத்தபடி இருப்பதில்லை. எழுத்தும் இல்லை, வெறும் கோடுகள், நேர்கோடாக வரப் பார்க்கின்றன. அறையில் இன்னொருவர் மூச்சு இருந்தால் காற்று எப்படிக் கனமாக இருக்குமோ அப்படி இருக்கிறது. நேற்று அடுப்பில் பால் பொங்கும்போது என் புடவை பின்பக்கம் கொஞ்சம் இழுபட்டது. திரும்பாமல், சூடு, தள்ளி நில் என்றேன். விட்டுவிட்டாள். சொன்ன பேச்சுக் கேட்கிறாள் அக்கா, நீ நன்றாக வளர்த்திருக்கிறாய்.

பயமாக இருக்கிறதா என்று கேட்பாய். முதல் இரண்டு நாள் விளக்கை அணைக்காமல் படுத்தேன். இப்போது வேலை முடிந்து படியேறும்போது, கீழே தையல்காரம்மாவிடம் ஒரு வார்த்தை பேசி நேரம் கடத்துகிறேன், அவ்வளவுதான். பிறகு ஏறிவிடுகிறேன். காத்துக்கொண்டிருப்பாள் இல்லையா? அம்மா போன பிறகு நீ பத்து வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டினாய். உனக்கு அப்போது பயமாக இருந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மாமா பார்த்து வைத்திருக்கும் வரனைப் பற்றி நீ அந்தப் பதிலின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அவர் புகைப்படத்தையும் வைத்திருந்தாய். நல்ல இடம் என்று எனக்கும் தெரிகிறது, அவர் புகைப்படத்தில் கூச்சமாக நிற்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல். காரணம் கேட்டால், வேலை அதிகம், அகராதி முடிய இன்னும் பல வருஷம் ஆகும் என்று சொல்லட்டும். அது பொய் இல்லை. ஒரே ஒரு அறைதான் இருக்கிறது, இதில் எத்தனை பேர் இருக்க முடியும்?

உன்னிடம் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். நான் உன்னிடம் அதிகம் கேட்டதில்லை, கேட்டதெல்லாம் நீ கொடுத்திருக்கிறாய், இதையும் கொடு. அவளைப் பார்க்க வேண்டும் என்று இங்கே வராதே. விடுமுறைக்கு அனுப்பு என்றும் எழுதாதே. அவள் உன் வாசலில் வந்து நின்றால், நீ மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய், எனக்குத் தெரியும். நீ தெருக்கோடி வரை நட. அப்புறம் சந்தி வரை நட. தூங்கு, சாப்பிடு, மாமாவோடு சண்டை போடு, வாய்விட்டுச் சிரி. உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. நான் கேட்பதெல்லாம் அதற்குத்தான்.

கடிதம் மட்டும் எழுது. அதில் அவளைப் பற்றிக் கேட்காதே. கேட்காமல் இருக்க முடியாத நாளில், நான் எப்படி இருக்கிறேன் என்று கேள். இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பதில் எழுதுகிறேன்.

என்றும் உன் தங்கை